காரைக்குடிப் பக்கம் பல் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு: காசு புழங்காத நேரத்தில் ரேட்டைக் குறைக்கலாமா?

சொத்தைப்பல் (காரைக்குடி)

வணக்கம். செக்காலைப் பக்கம் ஒரு சேர் போட்டுச் சின்னதாகக் கிளினிக் நடத்துகிறேன். கொஞ்ச நாளாகவே வரவு சுருங்கிவிட்டது. பல்வலி என்று வருகிறவர்கள் வராமல் இல்லை, ஆனால் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) என்றதும் "அடுத்த மாசம் பார்க்கலாம் டாக்டர், இப்போதைக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று போய்விடுகிறார்கள். வேர் சிகிச்சை முடித்தவர்கள் பல்லுக்கு மேல் உறையாகப் போடுகிற கேப் போட வருவதில்லை. தங்கம் விற்கிற விலையில் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் மற்ற செலவு எல்லாமே பின்னால் போய்விடுகிறது, அது புரிகிறது. இதற்கு நடுவில் நாலு தெரு தள்ளி ஒரு புது கிளினிக் வந்திருக்கிறது. செக்கப் இலவசம், கிளீனிங் பாதி விலை, கேப்புக்குத் தள்ளுபடி என்று பெரிய பிளெக்ஸ். என் வீட்டுக்காரர் நீயும் குறை என்கிறார். குறைத்தால் திரும்ப ஏற்ற முடியுமா என்பதுதான் என் பயம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை டாக்டரம்மா

குறைக்காதே கண்ணு. முதலில் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடு. உதாரணத்துக்கு உன் கேப் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள். லேப் பில், அளவெடுக்கிற பொருள், சிமென்ட் எல்லாம் சேர்த்து 2,000 போனால் மிச்சம் 3,000. தள்ளுபடி என்று 4,000 ஆக்கினால் லேப்காரர் உனக்காகக் குறைக்கப் போவதில்லை, மிச்சம் 2,000தான். முன்னே இரண்டு கேப்பில் வந்த பணத்துக்கு இப்போது மூன்று கேப் போட வேண்டும். விலையில் குறைத்தது இருபது சதவீதம், வேலை கூடுவது ஐம்பது சதவீதம். அத்தனை கூடுதல் ஆட்கள் காரைக்குடியில் எங்கிருந்து வருவார்கள்?

அதோடு, வராமல் போகிறவர்கள் எல்லோரும் ரேட்டைப் பார்த்துப் போகிறார்கள் என்று யார் சொன்னது? மொத்தமாக ஒரே நாளில் கேட்கிறோமே, அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். எந்தப் பல்லுக்கு இன்றைக்கே செய்தாக வேண்டும், எது ஆறு மாதம் தாங்கும் என்று பிரித்துச் சொன்னால் பாதிப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். நான் சிட்டை போட்டுக் கொடுத்துவிடுவேன். நம் ஊரில் கல்யாணத்துக்குச் சீர்முறை எழுதிய முறைச்சிட்டை பார்த்து வளர்ந்தவர்கள், எழுதிக் கையில் கொடுத்தால்தான் நம்புவார்கள். இடது பக்கம் பல், நடுவில் என்ன செய்ய வேண்டும், வலது பக்கம் எவ்வளவு, கடைசியில் "இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்" என்று தமிழில் ஒரு வரி. அந்தக் கடைசி வரிக்குத்தான் மதிப்பு. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போகிற ஆச்சி மூன்று மாதம் கழித்து அதே காகிதத்தோடு வருவார்.

திருப்பத்தூர் தம்பி

அக்கா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. சொந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து சொல்கிறீர்கள். எனக்கு வாடகை, சேர் லோன், இரண்டு பேர் சம்பளம். சேர் காலியாகக் கிடப்பதற்கு நாலாயிரத்துக்குக் கேப் போட்டாலும் லாபம்தானே? சும்மா கிடக்கும் நேரத்துக்கு யார் காசு தருவார்கள்?

தேவகோட்டை டாக்டரம்மா

கட்டடம் சொந்தம் இல்லை தம்பி, நானும் வாடகைதான். நீ கேட்டது நியாயமான கேள்வி, அதனால் உன் கணக்கையே போடுவோம். உதாரணத்துக்கு வாடகை 15,000, சம்பளம் 22,000, கரண்ட் 6,000, சேர் லோன் 12,000, கழிவு எடுக்கிறவர்கள், சர்வீஸ், தண்ணீர், இதர வகை 5,000. மொத்தம் 60,000. மாதம் 25 நாள், நாளைக்கு 6 மணி நேரம் என்றால் 150 மணி. சேர் ஒரு மணி நேரம் திறந்திருக்க 400 ரூபாய், உன் கூலியே இல்லாமல். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது போகும். காலியாக இருக்கிற மணிக்கு எவ்வளவு வந்தாலும் லாபம் என்று நீ சொல்வது ஒரு நாளைக்குச் சரி. ஆனால் குறைந்த ரேட்டைக் கேட்டு வருகிறவர் காலியான மணிக்கு மட்டும் வருவாரா? மாலை ஆறு மணிக்கு, எல்லோரும் வருகிற நேரத்துக்குத்தான் வருவார். முழு ரேட்டுக்கு வந்திருக்க வேண்டியவரும் அதே ரேட்டைக் கேட்பார். காலை நேரம் காலி என்றால் காலையில் நீண்ட வேலைகளை வை, வயசானவர்களைக் காலையில் வரச் சொல், அவர்களுக்கும் வெயிலுக்கு முன் வீட்டுக்குப் போனால்தான் வசதி.

பொன்னமராவதிக்காரன்

நான் குறைந்த ரேட்டில்தான் இத்தனை காலமாக ஓட்டுகிறேன், நன்றாகவே ஓடுகிறது, அதனால் குறைத்தால் அழிந்துபோவோம் என்று சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் செய்கிற வேலையே வேறு. பல் எடுப்பது, கண்ணாடி அயனோமர் அடைப்பு, பல் செட், கழற்றி மாட்டுகிற ஒன்றிரண்டு பற்கள், அவ்வளவுதான். கேப், இம்பிளான்ட் எல்லாம் அனுப்பிவிடுவேன். வாய் முழுவதையும் ஒரே படமாக எடுக்கிற ஓபிஜி எக்ஸ்ரே மெஷின் இல்லை, ஏசி ஒரே அறையில். சின்ன எக்ஸ்ரே மட்டும், அதுவும் ஏஇஆர்பியில் (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) பதிவு செய்தது. வயல் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வந்து பல்லை எடுத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பார்கள், ஏழு மணிக்கே திறந்துவிடுவேன். குறைந்த ரேட் வேண்டுமென்றால் செலவையும் அந்த மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏசி, பால்ஸ் சீலிங், சோபா, ரிசப்ஷனுக்கு ஒரு ஆள், ரேட் மட்டும் பொன்னமராவதி ரேட் என்றால் எப்படி?

சொத்தைப்பல் (காரைக்குடி)

இது யோசிக்க வேண்டிய விஷயம். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன் போல.

கணக்குப்பிள்ளை

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். இரண்டு மூன்று பல் டாக்டர்களுக்குக் கணக்குப் பார்ப்பதால் எட்டிப் பார்த்தேன். நீங்கள் யாரும் தொடாத ஒன்று: வரி. பலர் 44ஏடிஏ என்று சொல்கிற உத்தேச வருமான வரி வழியில், வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நல்ல வருடத்தில் அது வசதி. ஆனால் லேப் பில், வெளியிலிருந்து வருகிற கன்சல்டன்ட் டாக்டர் பங்கு, லோன் வட்டி எல்லாம் ஏறி, உண்மையான லாபம் முப்பது சதவீதம்கூட இல்லாத வருடத்தில், வராத லாபத்துக்கு வரி கட்டுகிறீர்கள். அப்படிப்பட்ட வருடத்தில் முறையாகக் கணக்கு எழுதி, ஆடிட் செய்து, உண்மையான லாபத்தைக் காட்டலாம். ஆடிட் செலவு போக மிஞ்சுகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், எல்லோருக்கும் மிஞ்சாது. அதற்கு வருட ஆரம்பத்திலிருந்தே பில்கள் இருக்க வேண்டும். மார்ச் மாதம் ஒரு பிளாஸ்டிக் கவரில் கசங்கிய காகிதங்களைக் கொண்டுவந்து கொட்டினால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று ஜிஎஸ்டி. சிகிச்சைக்கு விலக்கு உண்டு, அழகுக்காக மட்டும் செய்வதற்குக் கிடையாது. விலக்கு இருப்பதாலேயே நீங்கள் வாங்குகிற பொருளில் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது, அது உங்கள் செலவுதான். 2025 செப்டம்பர் 22 முதல் பல் மருத்துவக் கருவிகள் பலவற்றுக்கும் வரி 5 சதவீதமாக இறங்கியது. உங்கள் டீலர் பில்லில் அது இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரு கிளினிக்கில் பார்த்தேன், வரி இறங்கியிருந்தது, வரிக்கு முந்தைய விலை அதே அளவுக்கு ஏறியிருந்தது!

திருப்பத்தூர் தம்பி

ஹா, அது எல்லா டீலரும் செய்வதுதான் சார். ரூபாய் மதிப்பு விழுந்துவிட்டது, ஜப்பானிலிருந்து சரக்கு வரவில்லை என்று ஏதாவது சொல்வார்கள்.

மதுரை லேப்

எங்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். டாக்டர்களுடைய பணம் எங்கே வீணாகிறது என்று எங்களுக்குத்தான் தெரியும். திரும்பச் செய்கிற வேலை. அல்ஜினேட் பசையில் பல் அச்சு அளவெடுத்துவிட்டு அதை மேசையில் வைத்துக்கொண்டு அடுத்த மூன்று பேஷன்டைப் பார்த்துவிட்டு அப்புறம் அச்சுக்குள் கல் மாவைக் கரைத்து ஊற்றினால் அளவு சுருங்கிப்போயிருக்கும், கேப் உட்காராது. உடனே ஊற்ற முடியாவிட்டால் சிலிகானில் எடுங்கள், கூடுதல் விலைதான், ஆனால் திரும்ப எடுப்பதைவிடக் குறைவு. ஓரம் தெரியாமல் எடுத்த அளவு, கடிமானப் பதிவு இல்லாமல் வரும் டப்பா, நிறம் "வழக்கம்போல" என்று எழுதிய சீட்டு (அந்தப் பேஷன்ட் மூஞ்சியை நான் பார்த்ததே இல்லை, வழக்கம் எப்படித் தெரியும்?) இதெல்லாம் உங்களுக்கு இன்னொரு சிட்டிங், அவருக்கு இன்னொரு நாள் கூலி நஷ்டம், எனக்கு இன்னொரு கேப்.

அப்புறம், பின்பல்லுக்கு முழு உலோகக் கேப் என்று ஒன்று இருப்பதையே பல டாக்டர்கள் மறந்துவிட்டார்கள். விலை குறைவு, பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், உடையாது. கடைவாயில் யார் பார்க்கப்போகிறார்கள்? வெள்ளை வேண்டாம் என்று அவர்கள் சொல்வார்கள், நீங்கள் காட்டினால். நீங்கள் காட்டுவதே இல்லை.

தேவகோட்டை டாக்டரம்மா

லேப்காரர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நிக்கல் ஒவ்வாமை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறதா என்று கேட்டாலே பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

எது தள்ளிப்போடலாம், எது கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன், தம்பிமார்கள் படிக்கிறார்கள். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லுக்குக் கேப் தள்ளிப்போடக் கூடாது, முறுக்கு கடித்து இரண்டாகப் பிளந்தால் மொத்தச் செலவும் போச்சு. உடனே கேப்புக்கு வழியில்லை என்றால் பல்லின் முனைகளைக் குறைத்து, முனைகளையும் மூடி நன்றாக அடைத்து அனுப்பு, கொஞ்ச காலம் தாங்கும். முன்பல்லில் சின்ன ஓட்டை என்றால் அடைப்பே போதும், கேப் தேவையே இல்லை, தேவை என்று சொல்லாதே. ஆழமான சொத்தை வலியில்லாமல் இருந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும், இன்றைக்கு அடைப்புக் காசோடு போவது மூன்று மாதத்தில் வேர் சிகிச்சை ஆகிவிடும். விழுந்துபோன பல் இடத்தை நிரப்புவது காத்திருக்கலாம். பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வாய் காய்ந்து, ஈறு இறங்கி, வேரில் சொத்தை விழுந்த பெரியவர்களுக்கு சில்வர் டையமைன் புளோரைடு தடவினால் சொத்தை பெரும்பாலும் நின்றுவிடும், செலவு சொற்பம். கருப்பாகும் என்று முன்கூட்டியே சொல்லி, வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஈறு சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

கையில் காசே இல்லாதவர்களை ஜிஎச்சுக்கோ புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ நானே எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். 2023-இல் அது வந்த பிறகு சென்னைக்குப் போக வேண்டியதில்லை, காரைக்குடியிலிருந்து ஒரு பஸ்தான். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து என்னிடம் தங்கள் அண்ணன், மாமியாரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

சிங்கை மகன்

டாக்டர்கள் பேசுகிற இடத்தில் பேஷன்ட் பக்கத்து ஆள் நுழையலாமா? ஊர் கானாடுகாத்தான், வேலை சிங்கப்பூரில். ஆத்தா மட்டும் வீட்டில் இருக்கிறார். ஒரு கிளினிக்கில் (பேர் வேண்டாம், இந்த ஏரியா இல்லை) ஆத்தா சொத்தைப் பல் என்று போனார், திரும்பி வரும்போது ஆறு பல்லைச் செதுக்கியிருந்தார்கள். பில் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பணம் பெரிய விஷயம் இல்லை, கொடுத்துவிட்டேன். ஆனால் யாரும் ஒரு போன் பண்ணவில்லை. வீட்டைப் பார்த்திருப்பார்கள், தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும். அந்த வீட்டில் எத்தனை பங்காளிகளுக்குப் பங்கு, கூரை ஒழுகினால் யார் ஓடு மாற்றுவது என்று எத்தனை சண்டை என்பது அவர்களுக்குத் தெரியாது. இங்கேயும் வேலைக்கு உத்தரவாதம் இல்லை, என் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஆரம்பிக்கும் முன் எக்ஸ்ரே, ஒரு போட்டோ, எவ்வளவு ஆகும், செய்யாவிட்டால் என்ன. ராத்திரி ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் பேசினால் போதும். அப்படிப் பேசுகிற டாக்டர் இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் நான் பேரம் பேச மாட்டேன்.

சொத்தைப்பல் (காரைக்குடி)

சார், இது ரொம்பப் பயனுள்ள பதிவு. சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், ஒன்பது மணி என்றால் உங்கள் ஒன்பதா, எங்கள் ஒன்பதா?

சிங்கை மகன்

இங்கே ஒன்பது, அங்கே ஆறரை. உங்களுக்குக் கூட்ட நேரம் இல்லையா? அப்படியென்றால் வாய்ஸ் மெசேஜ் போட்டு வையுங்கள்.

பொன்னமராவதிக்காரன்

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் வருவது ஜூன் பள்ளி விடுமுறையிலும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முழுவதும், பிள்ளையார் நோன்பை ஒட்டி. பிள்ளைகள் வரும்போது செய்துகொள்ளலாம் என்று பெரியவர்கள் காத்திருப்பார்கள், வந்த பிறகு ஒரு வாரத்தில் பல் செட் வேண்டும் என்பார்கள். பல் செட்டுக்கு நாலைந்து முறை வர வேண்டும். அதனால் அக்டோபரிலேயே பழைய நோட்டைப் புரட்டி, செட் தளர்ந்தவர்கள், சாந்தி கல்யாணம் (அறுபதாம் கல்யாணம் மாதிரி) வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் போன் போடச் சொல்வேன். விற்பதற்காக இல்லை, "டிசம்பருக்குள் முடிக்க வேண்டுமென்றால் இப்போது ஆரம்பிக்கணும் ஆச்சி" என்று ஒரே வாக்கியம். ஆடியில் எப்படியும் கூட்டம் குறையும், அப்போது சேர் சர்வீஸ், பெயின்ட் வேலை வைத்துக்கொள்வேன்.

திருப்பத்தூர் தம்பி

சரி, ரேட்டைக் குறைக்க வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். செலவை எங்கே குறைப்பது? ரிசப்ஷன் பெண்ணை நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். க்ளவுஸ், கருவிகளைக் கிருமி நீக்குகிற ஆட்டோக்ளேவ் கரண்ட் இதெல்லாமும் மாதம் ஒரு தொகை வருகிறது. பாக்கி வேறு நிற்கிறது. கேப்பைத் தற்காலிக சிமென்டில் ஒட்டிவிட்டு மீதிப் பணம் தந்தால்தான் நிரந்தரமாக ஒட்டுவேன் என்று ஒரு சீனியர் செய்கிறார், நன்றாக வசூலாகிறது என்கிறார்.

தேவகோட்டை டாக்டரம்மா

அந்த சீனியரிடம் சொல், தற்காலிக சிமென்ட் கரைந்து உள்ளே சொத்தை விழுந்தால் நுகர்வோர் கோர்ட்டில் அவர் பேர்தான் வரும். பணம் வாங்க வேண்டியது ஆரம்பத்தில். லேப் பில் அளவுக்காவது முன்பணம் வாங்காமல் அளவெடுக்காதே, மீதி அவர்கள் சம்பள நாளை ஒட்டி இரண்டு தவணை. சிலர் "தோட்டை வச்சுட்டு வர்றேம்மா" என்பார்கள். அடகு வைக்கச் சொல்லி நான் எந்தப் பல்லையும் பார்த்ததில்லை, வலியை நிறுத்திவிட்டு மற்றதைத் தள்ளிப்போடுவேன்.

ஆட்டோக்ளேவில் கை வைக்காதே. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், பொதிந்த கருவிக்கு அரை மணி நேரம். அதில் ஒரு நிமிடம்கூடப் பேரம் இல்லை. க்ளவுஸும் அப்படித்தான். ரிசப்ஷன் பெண்ணை நிறுத்தினால் போனை யார் எடுப்பார்? நீ வாயில் கை வைத்திருக்கும்போது அடிக்கிற போன் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடும். எந்த ஆச்சிக்கு எந்த மகன் பணம் அனுப்புகிறான் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

குறைக்க வேண்டிய இடங்கள் வேறே. ஸ்டோர் அலமாரியைத் திற. காலாவதியான காம்போசிட் (பல் நிற அடைப்புப் பொருள்) எத்தனை ட்யூப் கிடக்கிறது என்று எண்ணு. கண்காட்சியில் ஆபர் என்று அள்ளி வந்ததுதான் முக்கால்வாசி. பல்லைக் குடைகிற ஹேண்ட்பீஸுக்குத் தினமும் எண்ணெய் விடாததால் மாற்றுகிற கார்ட்ரிட்ஜ், கம்ப்ரஸர் டாங்கில் தண்ணீரை வடிக்காமல் துருவேறிப்போகிற வால்வு, இதெல்லாம் ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நிற்கிற செலவு. இம்பிளான்டுக்கு லோன் போட்டு சிபிசிடி (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) மெஷின் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் ஓடிப்போ, மதுரையில் எடுத்து வரச் சொல்.

கணக்குப்பிள்ளை

அலமாரி விஷயத்துக்கு ஒரு கைதட்டல். நான் பார்த்த கிளினிக்குகளில் வருடக் கடைசி சரக்குக் கணக்கு எடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

சொத்தைப்பல் (காரைக்குடி)

எல்லோருக்கும் நன்றி. ரேட்டைத் தொடப்போவதில்லை. உலோகக் கேப்பையும் சேர்த்து மூன்று விலை எழுதிய சிட்டை அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன், தமிழில். பிளெக்ஸ் மட்டும் இன்னும் உறுத்துகிறது. எதிர் பிளெக்ஸ் வைக்கலாமா?

தேவகோட்டை டாக்டரம்மா

வேண்டாம். 2014 பல் மருத்துவர் நெறிமுறை விதிகளில் ஆள் பிடிக்க விளம்பரம் செய்யக் கூடாது என்றுதான் இருக்கிறது. அதே விதியில்தான் ஆள் அனுப்புவதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது என்பதும் வருகிறது, மெடிக்கல் கடைக்காரர் கேட்டால் அதையே சொல். புது இடம் திறந்தால், முகவரி மாறினால் அறிவிக்கலாம். அவர்கள் வைத்தால் வைக்கட்டும்.

திருப்பத்தூர் தம்பி

எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை அக்கா. தள்ளுபடியில் கூட்டம் சேர்ந்து அப்புறம் நிலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், வேர் சிகிச்சைக்கு வருகிற கன்சல்டன்ட் ஒரு கேஸுக்காக மதுரையிலிருந்து வந்தால் பெட்ரோலுக்கே சரியாகிறது. நாம் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் என்ன? காலையில் திருப்பத்தூர், மதியம் காரைக்குடி, மாலை தேவகோட்டை.

சொத்தைப்பல் (காரைக்குடி)

நான் தயார். வியாழன் ஒத்துவராது, வெள்ளி என்றால் மதியம் இரண்டு மணியிலிருந்து சேர் காலி.

தேவகோட்டை டாக்டரம்மா

வெள்ளி மாலை எனக்குச் சரி. மூன்று கேஸாவது சேர்ந்தால்தான் கூப்பிடுவது என்று வைத்துக்கொள்வோம். வேரைச் சுத்தம் செய்கிற ஃபைல் செட் அவரவர் செலவு, ஒருவர் பயன்படுத்தியது இன்னொருவர் கிளினிக்குக்குப் போகக் கூடாது. தம்பி, நீ அவரிடம் பேசிவிட்டு இன்பாக்ஸில் சொல்.

மதுரை லேப்

வெள்ளி என்றால் அன்றைய அளவுகளை எல்லாம் ஒரே பார்சலாக ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், மூன்று பார்சல் சார்ஜ் ஏன் கட்டுகிறீர்கள். டப்பா மேல் கிளினிக் பேரை மட்டும் பெரிதாக எழுதுங்கள்.